பஞ்சாங்கத்தின் பின்பக்கங்கள்

1

சித்திரை பிறந்து ஆறு நாள் ஆகிறது. கும்பகோணத்திலிருந்து தபாலில் வர வேண்டிய பஞ்சாங்கம் இந்த வருஷம் வருஷப் பிறப்புக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. கல்கத்தாவுக்கு வந்த இந்தப் பதினோரு வருஷத்தில் இப்படி நடப்பது இதுவே முதல் தடவை. சென்ற வருஷம் அது வைகாசியில்தான் வந்தது. அது வராத குறையைத் தீர்க்க நான் செய்த ஒரு காரியத்தால் என் மூத்த பிள்ளையை இழந்திருப்பேன்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இந்தப் பத்திரிகையில் இதுவரை நான் எழுதியதெல்லாம் டிராம் வண்டியும் காளி பூஜையும் மழையும்தான். இது அப்படிப்பட்டதல்ல. "இதையெல்லாமா எழுதுவது?" என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். ஒரு வருஷத்துக்கு முன் நானும் சுளித்திருப்பேன்.

2

நாங்கள் குடியிருப்பது பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்கு மேற்கே, ஒரு குளத்தங்கரையில். நான், என் மனைவி மீனாட்சி, பதினாறு வயது வெங்கட்டு, பத்து வயது செல்லம். காலையில் ரெயில் ஏறி ஸியால்தாவில் இறங்கி, அங்கிருந்து டிராமில் ஆபீஸ் போக வேண்டும். சர்க்கார் ஆபீஸில் என் வேலை, குமாஸ்தாக்கள் எழுதும் சுத்தப் பிரதிகளைச் சரிபார்ப்பது. எழுத்து கொஞ்சம் சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெயர். அந்தப் பெயரைப் பற்றி எனக்குக் கர்வமும் உண்டு.

ஆனால் வங்காள எழுத்து எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. பேச்சு, காய்கறிக்காரனோடு சமாளிக்கும் அளவுக்கு வரும். வீட்டுக்காரர் ஒரு தடவை "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டதற்கு, நான் பதினைந்து நிமிஷம் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பதில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கூரையைச் செப்பனிடவும் செய்தார்.

வெங்கட்டு அப்படியல்ல. ஐந்து வயதில் இங்கே வந்தவன். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூடத்துப் பண்டிதர் என்னைத் தெருவில் பார்த்தபோது, "உங்கள் பையன் எங்கள் பையன்களைவிட நன்றாக எழுதுகிறான்" என்றார். அதை ஆபீஸில் நாலு பேரிடம் சொன்னேன்.

நம் பஞ்சாங்கம் நேரத்துக்கு வராததால், வருஷா வருஷம் ஒரு வங்காளப் பஞ்சாங்கம் வாங்குவேன். பாஞ்சி என்பார்கள். செங்கல் பருமன் இருக்கும். காலையில் ஸ்நானம் செய்துவிட்டு வெங்கட்டு அதைப் பிரித்து, அன்றைக்கு என்ன திதி, ஏகாதசி என்றைக்கு, அமாவாசை எத்தனை நாழிகை என்று எனக்குச் சொல்வான். நான் அதன்படி தர்ப்பணம் செய்வேன். சென்ற வருஷம் வருஷப் பிறப்பன்று எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் வாசித்ததும் அவன்தான். வங்காளத்தில் பார்த்துத் தமிழில் சொன்னான். அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நான்கும் வந்திருந்தன. எல்லோரும் மெச்சினார்கள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு அவனிடம் சொன்னேன்: "இதை முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு முடி. ஒரு எழுத்து விடப்படாது. பாஷை இன்னும் நன்னா வரும்."

ஒரு எழுத்து விடப்படாது. இதைச் சொன்னவன் நான்.

3

ஐப்பசியில் பூஜை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். வெங்கட்டுவின் இங்கிலீஷ் நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து நடுங்கியிருந்தது. 'எல்' எழுத்தின் தண்டு நேராக இறங்காமல் அலையடித்துக்கொண்டு இறங்கியது.

"என்னடா இது, கோழி கிளறினாப்பல?"

"தெரியலப்பா. தானா வரது."

"தானா வராதுடா, சோம்பேறித்தனம். இந்தப் பக்கத்தை இருபது தடவை எழுது."

எழுதினான். இருபதாவது முதலாவதைவிட மோசமாக இருந்தது. மறுநாளும் எழுத வைத்தேன். ஆபீஸில் ஒரு குமாஸ்தாவின் எழுத்து இப்படி ஆகியிருந்தால், உடம்பு சரியில்லையா என்று கேட்டிருப்பேன்.

உடம்புக்கு வந்திருக்கிறது என்பதை மீனாட்சிதான் முதலில் கண்டாள். சாதத்தைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறான், தலையணை எச்சிலில் நனைந்திருக்கிறது, வாய் நாறுகிறது, பேசும்போது கையால் மறைத்துக்கொள்கிறான் என்றாள். திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் மலேரியா என்று நினைத்துக் கொய்னா கொடுத்தேன். அவன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் முன்னைப் போல எங்களோடு பேசவுமில்லை. குளத்தங்கரையில் பாஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் ஸ்டேஷனிலிருந்து வருவதைக் கண்டால் மூடிவிடுவான். பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோர் சாதம் சாப்பிடும்போது அவன் வாயிலிருந்து ஒரு பல் இலையில் விழுந்தது. செல்லம் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவன் அந்தப் பல்லைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதில் ஆச்சரியமே இல்லை. எதிர்பார்த்த தபால் வந்து சேர்ந்ததைப் போலப் பார்த்தான்.

4

குளத்தின் எதிர்க்கரையில் ஹேமந்த பாபு என்ற டாக்டர் இருக்கிறார். வெங்கட்டு அவரைக் காகாபாபு என்று கூப்பிடுவான். நம் ஊரில் சித்தப்பா என்கிற மாதிரி. அவர் வந்து வெங்கட்டுவின் வாயைத் திறந்து பார்த்தார். ஈறுகள் கறுத்து வீங்கியிருந்தன. கையை நீட்டச் சொன்னார். விரல்கள் ஆடின.

என் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "இவனுக்குப் பாதரசம் கொடுத்தது யார்?" என்றார்.

யாரோ மாதக்கணக்கில் அதை மாத்திரையாக உருட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

பிறகு வெங்கட்டுவோடு வங்காளத்தில் பேசினார். நான் அருகிலேயே நின்றேன். என் பிள்ளை அழுதுகொண்டே நீளமாக ஏதோ சொல்கிறான், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. நடுவில் எழுந்து போய்ப் பாஞ்சியை எடுத்து வந்தான். பின்பக்கம் ஒன்றைப் பிரித்துக் காட்டினான். அதனுள்ளே மடித்த காகிதங்கள் இரண்டு இருந்தன.

நான் பதினோரு வருஷமாக வீட்டில் வாங்கி வைத்த அந்தப் புத்தகத்தில், முன்பாதிதான் திதியும் நக்ஷத்திரமும். பின்பாதி முழுவதும் விளம்பரம். கூந்தல் தைலம், முட்டைக்கோஸ் விதை, கடிகாரம், அவற்றுக்கு நடுவே பக்கம் பக்கமாக மருந்து. வெங்கட்டு காட்டிய விளம்பரத்தை டாக்டர் எனக்குச் சொன்னார். வளர்கிற ஆண் பிள்ளைகள் எல்லோருக்கும் உறக்கத்தில் தானாக நேர்கிற ஒன்று உண்டு. அதை அந்த விளம்பரம் கொடிய வியாதி என்றது. முதலில் ஞாபக மறதி வரும், பிறகு கை நடுங்கும், பிறகு பல் ஆடும், அப்புறம் முடிவு என்று வரிசைப்படுத்தியிருந்தது. தாய் தந்தையரிடம் சொல்ல வெட்கப்படுவோர் எங்களுக்கு ரகசியமாக எழுதலாம், பதில் ஒட்டிய கவரில் வரும் என்றும் இருந்தது.

அவன் எழுதியிருக்கிறான். பதிலும் மாத்திரையும் சிநேகிதன் ஒருவன் வீட்டு விலாசத்துக்கு வந்திருக்கின்றன. மாத்திரை சாப்பிட்டுச் சில வாரங்களில் கை நடுங்க ஆரம்பித்தது. விளம்பரத்தில் சொன்ன இரண்டாவது அடையாளம்! பயந்து மறுபடி எழுதினான். வேளைக்கு இரண்டாக உட்கொள்ளவும் என்று பதில் வந்தது. பல் ஆடியது. மூன்றாவது அடையாளம். மருந்து உண்டாக்கிய வியாதிக்கு அதே மருந்தை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறான்.

காகிதங்களில் ஒன்று மருந்துக்காரனின் பதில். மற்றது வெங்கட்டு முதலில் எழுதிய கடிதத்தின் நகல். டாக்டர் அதை மெதுவாகப் படித்து, மடித்து, என் கையில் கொடுக்காமல் வெங்கட்டுவின் கையிலேயே கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்கிறான்?" என்றேன்.

"அவனிடம் கேளுங்கள்" என்றார். மருந்துப் பையை மூடும்போது, "மிக நல்ல வங்காளம்" என்றார்.

5

மருந்தை நிறுத்தச் சொன்னார் டாக்டர். பாலும் கஞ்சியும் கொடுக்கச் சொன்னார். கொப்பளிக்க ஒரு மருந்து தந்தார். இது வியாதியே அல்ல என்று வெங்கட்டுவுக்கு அரை மணி நேரம் விளக்கினார். அவன் தலையாட்டினான். எனக்கும் நிம்மதி. டாக்டர் சொல்லிவிட்டார், இனி நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதி.

நாலாம் நாள் காலை நான் ஆபீஸுக்குப் புறப்படும் சமயம் மீனாட்சி சமையலறையிலிருந்து வந்தாள். கையில் ஒரு சிறிய பொட்டலம்.

"ஏன்னா, இது அவன் வேஷ்டி மடிப்புல இருந்தது. மறுபடியும் சாப்பிடறான்."

ஹேமந்த பாபு வீட்டுக்கு ஓடினேன். அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எதிர்பார்த்தேன்" என்றார். "நான் அவனைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறான். அவனுக்கு அது பாஞ்சியில் அச்சிட்டிருக்கிறது. நீங்கள் உங்கள் தகப்பனாருக்குச் சிராத்தம் செய்யும் நாளைச் சொல்லும் புத்தகம். அதில் ஏகாதசி பொய்யாக இல்லை, இது மட்டும் எப்படிப் பொய்யாகும்? நான் சொல்லிப் பிரயோஜனமில்லை. நீங்கள் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு மாதம் சாப்பிட்டால் என் கையில் ஒன்றும் இல்லை."

திரும்பி வந்து மீனாட்சியிடம், "நீ சொல்லிப் பாரேன்" என்றேன்.

"நானா? நன்னாருக்கு! பொண்ணுன்னா நான் பேசுவேன். புள்ளைகிட்ட நான் என்னத்தைச் சொல்றது? நீங்க ஆபீஸ்ல துரைகிட்ட எல்லாம் பேசறேளே, பெத்த புள்ளைகிட்ட பேசறதுக்கு என்ன?"

ஊரில் இருந்திருந்தால் எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தேன். என்னிடம் யாரும் எதையும் சொன்னதில்லை. ஆனால் மன்னார்குடியில் அத்தை பிள்ளை, மாமா பிள்ளை என்று எனக்கு மூத்தவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். ஆற்றில் குளிக்கும்போது ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். அவர்கள் சொன்னதில் பாதி அபத்தம். இருந்தாலும் எல்லோரும் கேலிக்கு ஆளானதால், எனக்கு மட்டும் வந்ததல்ல இது என்றாவது தெரிந்தது. வெங்கட்டுவுக்கு இங்கே கேலி செய்ய ஒரு அத்தான்கூட இல்லை. பள்ளிக்கூடத்து உடற்கூறு புத்தகத்தில் எலும்பு, ரத்தம், ஜீரணம் எல்லாம் உண்டு. மனுஷனுக்கு இடுப்பு வரைக்கும்தான் உடம்பு என்று அதை எழுதியவர் நினைத்தார் போலும்.

"வெங்கட்டு, ஸ்டேஷன் வரைக்கும் கூட வா" என்றேன்.

குளத்தங்கரைப் பாதையில் பனி விலகவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நடந்தோம். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பது ஒரு சௌகரியம். இங்கிலீஷில் ஆரம்பித்தேன். ஆபீஸ் மெமோ மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டேன். ஸ்டேஷன் கூரை தெரிந்துவிட்டது. இப்போது சொல்லாவிட்டால் ரெயில் வந்துவிடும்.

"வெங்கட்டு, அந்த மருந்துக்காரன் எதை வியாதின்னானோ, அது எனக்கும் உன் வயசுல வந்தது."

அவன் நின்றுவிட்டான்.

"அப்பாவுக்கா?"

"எனக்குத்தான். உங்க தாத்தாவுக்கும் வந்திருக்கும். அவர் எழுபத்திரண்டு வயசு இருந்தார். கடைசி வரைக்கும் முறுக்கு கடிச்சார்."

"அப்பா என்ன மருந்து சாப்பிட்டேள்?"

"ஒண்ணும் சாப்பிடலை. எங்க ஊர்ல இந்தப் புஸ்தகம் இல்லை. ரொம்பப் பயந்தேன். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சேன்."

"நின்னுடுத்தா?"

"நிக்கறதுக்கு அது வியாதி இல்லைடா. உடம்பு பெரிய உடம்பா ஆறதுன்னு அடையாளம். மீசை வரலையா, குரல் உடையலையா, அந்த மாதிரி."

"பின்னே என் கை ஏன் நடுங்கறது? பல் ஏன் விழுந்தது?"

"அந்த மாத்திரையால. அவன் சொன்ன அடையாளத்தையெல்லாம் அவன் மாத்திரையே உண்டாக்கறது. காகாபாபு சொன்னது நிஜம்."

"பாஞ்சில போட்டிருக்கேப்பா."

"முன்பக்கத்தைக் கணிச்சவன் வேற, பின்பக்கத்துல போட்டவன் வேற. அது கடைக்காரன் காசு கொடுத்துப் பிடிச்ச இடம்."

"அப்பா படிச்சுப் பார்த்தேளா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

ரெயில் வந்து நின்று போயிற்று. என் பெட்டியில் வழக்கமாக ஏறுகிறவர்கள் ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். வெங்கட்டு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வர தை மாசம் நான் இருக்க மாட்டேன்னு நினைச்சேன்" என்றான். பிறகு, கோபமில்லாமல், ஒரு சந்தேகம் கேட்கிற குரலில், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா?" என்றான்.

அந்த வயதில் நான் பட்ட பயத்தை, பயம் போனதும் மறந்துவிட்டேன். நினைவு வைத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

அன்று ஆபீஸுக்கு ஒன்றரை மணி நேரம் தாமதம். ரிஜிஸ்தரில் காரணம் எழுத வேண்டும். 'மகனோடு பேசிக்கொண்டிருந்தேன்' என்று எழுதினேன். துரை அடிக்கோடிட்டு ஒரு கேள்விக்குறி போட்டார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதே வாக்கியத்தை எழுதித் திருப்பி அனுப்பினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது என் எழுத்துப் பெட்டிமேல் இன்னும் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. அவனே கொண்டுவந்து வைத்திருந்தான்.

6

அதற்குப் பிறகு இன்னொரு பல் போயிற்று. மற்றவை நின்றன. பரீட்சைக்கு அந்த வருஷம் உட்காரவில்லை. கை நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. போகுமா என்று கேட்டால் ஹேமந்த பாபு, "வயது இருக்கிறது" என்கிறார். தண்ணீர்ச் செம்பு எதையாவது அவன் தூக்கும்போது நான் பார்க்காத மாதிரி இருக்கப் பழகியிருக்கிறேன்.

இந்த வருஷப் பிறப்பன்று நான்கு குடும்பங்களும் வந்தன. கும்பகோணம் பஞ்சாங்கத்தை நானே வாசித்தேன். பானகம் குடித்து முடித்ததும், பெண்கள் உள்ளே போன பிறகு, பழைய பாஞ்சியை எடுத்து நடுவில் வைத்து, வெங்கட்டுவுக்கு என்ன நேர்ந்தது என்று சொன்னேன். சொல்லலாமா என்று அவனிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். பிறகு, "அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஹேமந்த பாபு நம்மாத்துப் பசங்களுக்கு உடம்பைப் பத்திப் பேசறேன்னு சொல்லியிருக்கார். தகப்பனார்களும் கூட உட்காரணும்" என்றேன்.

விசிறி ஓலைச் சத்தம்தான் கேட்டது. கடைசியில் விசுவநாதன் வாயைத் திறந்தார். ஒரு பாங்கியில் உத்தியோகம். இரண்டு பிள்ளைகள், பதினாலும் பன்னிரண்டும்.

"என்ன ஓய் இது, நல்ல நாளும் அதுவுமா! தெரியாத குழந்தைகளுக்கு நாமே தெரியப்படுத்தறாப்பல ஆகாதா?"

"உங்காத்துல பாஞ்சி இருக்கா?"

"இருக்கு."

"யார் படிக்கறா?"

விசுவநாதன் விசிறியைக் கீழே வைத்தார். அவருக்கும் வங்காளம் படிக்கத் தெரியாது. மற்ற ஒருவர், கரியாஹாட் ரோடுப் பக்கம் தனக்கு ஒரு வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் எழுந்தார்கள். செய்த பாயசத்தில் பாதி மிஞ்சியது.

"இனிமே நம்மாத்துக்கு வருவாளோ மாட்டாளோ" என்றேன்.

மீனாட்சி பாத்திரத்தை ஒழித்துப் போட்டுக்கொண்டே, "வரலைன்னா போகட்டும்" என்றாள். "முந்தாநாள் செல்லம் கேட்டா, 'காக்கா ஏம்மா மாசாமாசம் உன்னை மட்டும் வந்து தொடறது?'ன்னு. மூணு நாள் ஒதுங்கி உட்கார்றதுக்கு எங்கம்மா எனக்குச் சொன்ன காக்காக் கதையைத்தான் நானும் இவகிட்ட சொல்லிண்டிருந்தேன். புள்ளைகிட்ட பேசலைன்னு உங்களைச் சொல்லிட்டேன், நான் மட்டும் என்ன லக்ஷணம்? உட்கார்த்தி வெச்சு நிஜத்தைச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"'அவ்வளவுதானா?'ன்னுட்டு ஊஞ்சலாடப் போயிட்டா."

மறுநாள் காலை ஸ்டேஷனில் விசுவநாதன் எனக்கு முன்பே நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி குடையை மடித்தேன். அருகில் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ராத்திரி பாஞ்சியை எடுத்துப் பார்த்தேன் ஓய். என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. ஆனா ஒரு பக்கத்துல கீழே விலாசத்துக்குப் பென்சில்ல கோடு போட்டிருக்கு."

ரெயில் வந்தது. இருவரும் ஏறவில்லை.

"நீர் எப்படி ஆரம்பிச்சீர்?" என்றார்.

7

மேலே உள்ளதை எழுதி முடித்து வெங்கட்டுவிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று சொன்னால் கிழித்துவிடுவதாகச் சொன்னேன். எழுத்துக் கூட்டி ஒரு முழு நாள் படித்தான். பேரை மட்டும் மாற்றச் சொன்னான். மாற்றியிருக்கிறேன். 'கோழி கிளறினாப்பல' என்று நான் திட்டியதை முதலில் எழுதாமல் விட்டிருந்தேன். அதைச் சேர்க்கச் சொன்னான்.

பத்திரிகைக்கு அனுப்பும் சுத்தப் பிரதியை அவனே எழுதித் தருவதாகச் சொன்னான். மூன்று நாள் எழுதினான். எழுத்துகள் பல இடங்களில் அலையடிக்கின்றன. ஆபீஸாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அப்படியே கவரில் வைத்து ஒட்டுகிறேன். நீங்கள் படிக்கும்போது அச்சில் எல்லாம் நேராக இருக்கும்.